இரண்டு விசிறிக் கார்டு

மூன்றாவது முறையும் திரை அணைந்தபோது அவள் மௌஸைத் தூக்கி மேசையில் அடித்தாள். கூடத்தில் அழுகை ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.

"மறுபடியும் போச்சா அண்ணி?" என்றார் லைட்டுக்காரர். அவள் கணவன் கேமராவோடு போன கல்யாணங்களுக்கெல்லாம் விளக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவர். நேற்றுப் போட்ட சட்டையை இன்னும் மாற்றவில்லை. உள்ளே வரவும் தோன்றாமல், கூடத்துக்குத் திரும்பவும் தைரியமில்லாமல் அறை வாசலிலேயே நின்றிருந்தார்.

"போகாம என்ன செய்யும்? உங்க அண்ணன் வாங்கிப் போட்டதாச்சே."

அந்த அண்ணன் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தான். நேற்று யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பாக்களை உயரப்படி நிறுத்துவதற்காக ஸ்டூல் மேல் ஏறியவன், அப்படியே சரிந்துவிட்டான். விழும்போதும் கேமராவைத் தரையில் படவிடாமல் நெஞ்சோடு பிடித்திருந்தான் என்று வந்தவர்களெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று அவனுக்கு என்றைக்குத் தெரிந்தது?

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கணவனின் அண்ணன் வந்தார்.

"ஏம்மா, இன்னும் இந்தப் பெட்டியோடதான் மல்லுக்கட்டுறியா? விடு. நான் அடுத்த தெரு ஸ்டூடியோவுக்குப் படம் அனுப்பிட்டேன். மூஞ்சிய பளபளன்னு ஆக்கி, கோட்டு சூட்டு மாட்டி, ஃபிரேம் போட்டே குடுத்துடறேன்னுட்டான்."

"எந்தப் படம் அத்தான்?"

"என் கல்யாணத்துல எடுத்தது. அழகா சிரிச்சிட்டு நிப்பான்."

"அதுல அவருக்கு மீசையே சரியா முளைக்கல. நான் வாழ்ந்தது அந்தப் பையனோட இல்ல."

"வேற படம் இல்லாதப்ப என்ன பண்றது? ஊரையே படம் பிடிச்சவன் தனக்குன்னு ஒண்ணு எடுத்து வெக்கல."

"இருக்கு. நான் பண்ணிட்டிருக்கேன்."

"பண்ணு பண்ணு. நாலு மணிக்கு எடுக்கணும். அதுக்குள்ள உன் படம் வந்தா தலைமாட்டுல வெப்போம். இல்லன்னா கோட்டுதான்."

"அவர் வாழ்க்கைல கோட்டு போட்டதே இல்ல, அத்தான்."

"இனிமே போடவா போறான்? படத்துலதானேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போனார். படம் என்றால் எதையும் மாட்டிவிடலாம், எதையும் அழித்துவிடலாம். அவருடைய தம்பியும் அப்படிச் சொல்லித்தான் பிழைத்தான்.

அவளிடம் இருந்தது ஒரே படம். நேற்று மணமக்கள் மேடைக்கு வருவதற்கு முன் வெளிச்சம் சரிபார்ப்பதற்காக அவன் கேமராவை லைட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் தானே போய் நின்றிருக்கிறான். பட்டனை அமுக்கும் நேரத்தில் யாரோ ஒருவர் குறுக்கே வந்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மங்கலாக அவருடைய தோள். அதைப் பார்த்து அவன் நெற்றியைச் சுருக்கி, இடது கையை வீசி, வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். என்ன கத்தியிருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். எந்தக் கல்யாணத்திலும் அதைத்தான் கத்துவான். வெளிச்சத்த மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க. கூட்டம் விலகி வெளிச்சம் சரியானதும் லைட்டுக்காரர் "ஓகே அண்ணே" என்பார்.

அந்தத் தோளை எடுக்க வேண்டும். பாதி முகத்தில் விழுந்திருந்த நிழலைத் தூக்க வேண்டும். சாதாரண வேலைதான். தூரிகையை எடுத்து நான்கு இழுப்பு இழுப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது.

அவள் மேசைக்கடியில் குனிந்தாள். மூடியில்லாத பெட்டிக்குள் இரண்டு விசிறிகளோடு அந்த கிராஃபிக்ஸ் கார்டு செங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு விளக்கு வேறு.

அவன் எடுத்து வரும் கல்யாணப் படங்களைத் திருத்தி ஆல்பமாக்க அவள் கேட்டது ரேம் இரண்டு பட்டை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்.எஸ்.டி. "வேற எதையும் தொட வேணாம். இது போதும், இன்னும் அஞ்சாறு வருஷம் ஓட்டிடுவேன்" என்று தெளிவாகத்தான் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுப் போய் இதை வாங்கிக்கொண்டு வந்தான். கடைக்காரர் சொன்னாராம், கேம் ஆடுகிறவர்களெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள் என்று.

"நான் என்ன கேமா ஆடுறேன்?"

"அட, படத்துக்குத்தானே படக் கார்டு! மாட்டிப் பாரு, பறக்கும்."

பெட்டிக்குள் அது நுழையவில்லை. அதற்கும் அவன் அசரவில்லை. ஆக்சா பிளேடை எடுத்து, ஹார்டு டிஸ்க் உட்காரும் தகரக் கூட்டையே அறுத்து எறிந்தான். அந்தரத்தில் நின்ற ஹார்டு டிஸ்க்கைப் பழைய கேமரா வாரால் கட்டித் தொங்கவிட்டான். கார்டு தொங்காமலிருக்க, அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து முட்டுக் கொடுத்தான். சைக்கிளில் லாரி எஞ்சினைக் கட்டின கதைதான். பழைய பவர் சப்ளையால் அந்தப் பசிக்குத் தீனி போட முடியவில்லை. கொஞ்சம் கனமான படத்தைத் திறந்தாலே சுருண்டு விழுந்தது.

கேட்டதை வாங்கிக் கொடுத்தால் அது அவனுக்கு வெறும் எடுபிடி வேலை. கேட்காததை வாங்கிக் கொடுத்தால்தான் அன்பு.

மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அந்தச் சிவப்பு விளக்கைப் பார்ப்பான். "எப்படி ஓடுது?" என்பான். அவளும் "ஓடுது" என்பாள். நிமிஷத்துக்கு நிமிஷம் சேவ் செய்துகொண்டு, அணைந்ததை மறுபடியும் போட்டுக்கொண்டு, "ஓடுது." ஆல்பம் வாங்க வருகிறவர்களிடம் அவன் சிரித்தபடி சொல்வது அவள் காதில் விழும். "பட்டனத் தட்டினா எல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடும்ங்க."

"அவரே தட்டிப் பாத்திருக்கணும் ஒருநாள்" என்றாள் வாய்விட்டு.

"என்ன அண்ணி?"

"அந்த ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

"இப்பப் போய் எதுக்கு அண்ணி, அண்ணன் ஆசையா..."

"ஆசையாத்தான் வாங்கினார். எடுங்க."

கார்டின் திருகாணியைக் கழற்றினாள். தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்து, ஒரு காலைப் பெட்டியில் ஊன்றி இழுத்தபோது, தூசி, பத்திரிகை மடிப்பு எல்லாவற்றோடும் கார்டு கையோடு வந்தது. கனமாக இருந்தது. தூக்கி எறியத்தான் நினைத்தாள். கட்டிலில் வைத்தாள். திரையின் ஒயரை மதர்போர்டிலேயே இருந்த பழைய துளையில் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. சிவப்பு விளக்கு இல்லாத அறை, கார்டு வருவதற்கு முன்னால் இருந்த அறை மாதிரியே ஆகிவிட்டது.

படம் திறக்க நேரம் பிடித்தது. ஆனால் அணையவில்லை.

நாத்தனார் வந்து தோளைத் தொட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "அண்ணி, வந்து அண்ணன் பக்கத்துல உக்காருங்க. வந்தவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. புருஷன் செத்துக் கிடக்கான், கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கா பாருன்னு."

"உன் கல்யாண ஆல்பத்துல உன் கன்னத்துப் பருவையெல்லாம் எடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"எங்க உக்காந்து எடுத்தேன்?"

நாத்தனார் தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தோளை எடுத்தாள். தோள் இருந்த இடத்தில் மேடைத் துணியின் மடிப்பை இழுத்து நிரப்பினாள். நிழலைத் தூக்கினாள். நெற்றிக்கு வந்ததும் கை தானாக வழவழப்புத் தூரிகையை எடுத்தது. சுருக்கத்த எடு, பத்து வயசு குறை. எத்தனை மாமியார்களுக்கு, எத்தனை சித்தப்பாக்களுக்கு அவன் பின்னால் நின்று சொல்லியிருப்பான்! ஒரே இழுப்பில் புருவத்துக்கு மேலிருந்த கோடு காணாமல் போனது.

அவள் மௌஸை விட்டுவிட்டுப் பார்த்தாள். வழவழவென்று ஒரு சின்ன இடம். அங்கே யாருமே இல்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூவைத் தட்டினாள். மெமரி போதாத கம்ப்யூட்டர் யோசிக்கத் தொடங்கியது. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அந்த நெற்றியையே பார்த்திருந்தாள். அந்தக் கோடுகளில் பாதி இந்த அறையில், இந்த நாற்காலியைச் சுற்றி, அவள் போட்ட சண்டையில் விழுந்தவை. மீதி எங்கே விழுந்தன என்று கேட்க இனி ஆள் இல்லை. கோடு திரும்பி வந்தது.

"கைய மட்டும் வெட்டிடலாமா அண்ணி?" என்றார் லைட்டுக்காரர் மெதுவாக. "மூஞ்சி மட்டும் வர்ற மாதிரி?"

"கை இருக்கட்டும்."

பென் டிரைவை வாங்கிக்கொண்டு பிரிண்ட் போடும் லேபுக்கு ஓடினார் அவர்.

முதலில் வந்தது கோட்டுதான். தங்க நிற ஃபிரேமுக்குள், பந்து மாதிரி மழமழவென்ற கன்னங்களோடு, யாரோ ஒரு அதிகாரியின் கோட்டுக் கழுத்துக்கு மேல் ஒரு பையன் சிரித்தான். கணவனின் அண்ணன் அதைத் துணியால் துடைத்து, தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு வைக்கப் போனார். அவள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா."

"என் படம் வரட்டும்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் அத்தான். பாக்கத்தானே படம்."

அவர் ஃபிரேமைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியைத் தூக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். அப்போதுதான் லைட்டுக்காரர் மூச்சிரைக்க, படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

அவள் எழுந்து, படத்தை வாங்கி ஸ்டூலில் வைத்தாள்.

"என்னம்மா இது, கத்துறான்!"

"கத்துறார்தான்."

கணவனின் அண்ணன் சன்னலுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் நடுவில், கோட்டுப் படத்தை வயிற்றோடு அணைத்தபடி நின்றிருந்தார். தம்பியின் திறந்த வாயைப் பார்த்தார். வீசிய கையைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்தக் கை காட்டிய பக்கமாக மெல்ல நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள்.

சன்னல் வெளிச்சம் நேராக வந்து பெட்டிக்குள் இருந்த முகத்தில் விழுந்தது.

லைட்டுக்காரர் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதைப் பார்த்தார்.

"ஓகே அண்ணே" என்றார்.