பதினாறில் ஓடிய ஏசி

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் ஒப்பனை போட்டுக்கொள்ளும் வண்டி என்றுதான் நினைத்திருந்தேன். அதில் குடித்தனமும் நடத்தலாம் என்பது என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்த மனிதருக்கு, இனிமேல் நேராகப் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்கினார். வீட்டைப் பூட்டிச் சாவியைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, கோடை தொடங்கும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவருக்கு என் அண்ணன் வீட்டுக்கு வரப் பிடிக்காவிட்டால் வயிறு சரியில்லை என்பார். எனக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் நானும் ஒரு காரணத்தைத் தேடிப் பிடிப்பேன். என்ன, என் காரணங்கள் அவரிடம் செல்லுபடியாகாது. ஒருமுறை பெரிய சோபா வாங்கப் போகிறேன் என்றார். எனக்கு அந்தச் சோபாவைப் பார்த்தாலே எரிச்சல். வாசல் குறுகல், உள்ளே வராது என்றேன். டேப்பை எடுத்து வாசலை அளந்தார், கதவைக் கழற்றினார், சோபாவை உள்ளே கொண்டுவந்தார், கதவைத் திரும்ப மாட்டினார். காரணத்தைச் சொன்னால் அவர் அந்தக் காரணத்தைப் பழுதுபார்த்துவிடுவார். கைத்தொழில் அப்படி. அந்தச் சோபாவில் நான் பல வருஷம் உட்கார்ந்தேன்.

வண்டியில் எனக்கு என்ன குறை என்றால், பெரிதாக எதுவும் இல்லை. அதுதான் தொல்லையே. சுத்தமான வண்டி, நல்ல மெத்தை, ஜன்னலைத் திறந்தால் தினம் ஒரு காட்சி. ஆனால் ஒரு சண்டை போட்டால் கோபித்துக்கொண்டு போய் உட்கார இடம் கிடையாது. குளியலறைக்குள் போய் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும்? முட்டி இடிக்கும். என் வீட்டுப் பின்னறையில் என் தையல் மிஷின் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே உட்கார்ந்தால் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த அறைக்குப் போக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இதை எப்படிக் காரணம் என்று சொல்வது?

இந்த நிலைமையில்தான் ஏசி மக்கர் பண்ணத் தொடங்கியது. கூரைமேல் பொருத்திய ஏசி அது. உள்ளே உட்கூரையில் வரிசையாகக் காற்று வரும் வாய்கள், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கம்பி மூடி. காலையில் போட்டால் சில்லென்று வரும். கொஞ்ச நேரத்தில் காற்று குறையும், பிறகு இரைச்சல் மட்டும் வரும், குளிர்ச்சி இருக்காது. வண்டிகள் நிறுத்தும் மைதானம் ஒன்றில் நாங்கள் நின்றிருந்தோம். மரநிழல் பெயருக்குத்தான். வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது.

அன்று காலை தரகர் போன் பண்ணினார். நல்ல குடும்பம் ஒன்று வீட்டை வாடகைக்குக் கேட்கிறதாம், சில வருஷங்களுக்கு எடுத்துக்கொள்வார்களாம், இன்றைக்கே பதில் வேண்டுமாம். இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏசி சரியாச்சுன்னா வீட்டை விட்டுடலாம்மா. நாம சுத்திட்டே இருக்கலாம். சரியாகலன்னா இந்த வெயில்ல முடியாது, திரும்பிடலாம். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்" என்றேன். வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது. உள்ளே மட்டும், ஏசியே, தயவுசெய்து சரியாகிவிடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் வேலையை ஆரம்பித்தார். எது சுலபமோ அதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மைதானத்து மின்பெட்டியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். கரண்ட் சரியாக வந்துகொண்டிருந்தது. ஃபில்டரைக் கழற்றித் தட்டிக் கழுவிக் காயவைத்து மாட்டினார். ஏற்கெனவே அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஏணியைச் சாய்த்துக் கூரைமேல் ஏறினார். மேலே மூடியைத் திறந்து, சருகும் தூசியும் வாரிப் போட்டார், நசுங்கியிருந்த தகடுகளைப் பொறுமையாக நிமிர்த்தினார், காற்றாடியைக் கையால் சுற்றிப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே ஓடியது. மறுபடி போட்டோம். மறுபடி அதே கதை.

கடைசியில் தெரிந்த ஏசி மெக்கானிக் ஒருவருக்குப் போன் போட்டார். அவர் சொன்னபடி உள்பக்கத்துப் பலகையைக் கழற்றினார். உள்ளே காயில் என்கிற குழாய்ச் சுருள் முழுக்க வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் எல்லாம் கேட்டது. ஐஸ் பிடித்தால் ரெண்டே விஷயம்தான் என்றார் மெக்கானிக். ஒன்று, காற்று போகிற வழி எங்கேயோ அடைத்திருக்க வேண்டும். காற்று போகாவிட்டால் குளிர் வெளியே போகாமல் காயில் மேலேயே உறைந்துவிடும். அது இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்க வேண்டும். இந்த மாடலில் கேஸ் ஏற்ற முடியாது, மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும், புதியது வர ரொம்ப நாளாகும்.

அடைத்தது நான்தான்.

விஷயம் இதுதான். இவர் ஏசியை எப்போதும் பதினாறில்தான் வைப்பார். லிஃப்ட் மோட்டார் அறைகளில் ஏசி ஓயாமல் ஓடும், அந்தக் குளிரிலேயே ஊறிய உடம்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கோ பின்கழுத்தில் காற்று பட்டால் தலை விண்ணென்று வலிக்கும். அவரிடம் சொல்லிக் கெடுப்பானேன் என்று, என் படுக்கைக்கு மேல் இருந்த வாயின் மூடியைக் கழற்றி, அவருடைய பழைய பனியனை அளவாக வெட்டி, நாலாக மடித்து உள்ளே வைத்து மூடினேன். பிறகு நான் உட்காரும் இடத்துக்கு மேலே இருந்ததையும், அடுப்புக்கு மேலே இருந்ததையும் அதேபோல அடைத்தேன். வெள்ளை மூடிக்குப் பின்னால் வெள்ளைத் துணி, பார்த்தால் தெரியவே தெரியாது. தையல் யூனிட்டில் கட்டிங் பிரிவில் இருந்தவள் நான், பிசிறு தெரிய வெட்டமாட்டேன். என் பக்கம் குறைந்தால் அவர் பக்கம் கூடுதலாகப் போகும், அனுபவிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஐஸ் கட்டும் என்று கனவா கண்டேன்?

இவர் பலகையைப் பிடித்தபடியே உட்கூரையை ஒரு பார்வை பார்த்தார். "வாயெல்லாம் திறந்துதான இருக்கு?" என்றார்.

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்தில் எனக்கு வீடு கிடைத்துவிட்டது. அவர் மேற்கொண்டு பார்க்கவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது போதும். மெக்கானிக்குக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தார். கேஸ்தான் போயிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை, தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நாளைக்கே திரும்பலாம் என்றார். குரலில் வருத்தத்தைக் காட்டாமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

ஐஸ் உருகட்டும் என்று காற்றாடியை மட்டும் ஓடவிட்டு, கீழே ஒரு பேசினை வைத்தார். பிறகு படியில் உட்கார்ந்து கருவிகளை எடுத்துவைக்கத் தொடங்கினார். வெயிலில் நின்று முகம் சிவந்திருந்தது, காதோரம் தோல் உரிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூடிரைவராகத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எத்தனையோ லிஃப்ட் பார்த்திருக்கேன். ஏன் நின்னுச்சுன்னு தெரியாம ஒண்ணைக்கூட விட்டுட்டு வந்ததில்ல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. ஸ்க்ரூடிரைவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. வீடு வேண்டும்தான். அதற்காக இந்த மனுஷன் தன் கையை நம்பாமல் போக வேண்டுமா? இனி எந்த மிஷின் முன்னால் நின்றாலும் இந்த ஏசி அவர் நினைவுக்கு வரும். என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. மெத்தைமேல் ஏறி நின்றேன். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஈரம் ஊறிக் கனத்திருந்த பனியன் துண்டுகளை எடுத்து, அவர் பக்கத்தில் படியில் வைத்தேன்.

அவர் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார், வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை.

"ஏம்மா?"

"குளிருச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"உங்களுக்குக் குளிர் வேணும்னு நெனச்சேன். அதுதான பதினாறுல வைக்கிறீங்க."

அவர் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "எனக்கா? நீ தூங்கினப்புறம் நான் தினம் ஸ்வெட்டர் போட்டுட்டுப் படுக்கறேன். நீதான கிளம்பின வாரமே புழுக்கமா இருக்கு, மூச்சு முட்டுதுன்ன."

சொன்னது உண்மைதான். அன்றைக்குப் புழுக்கம் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகலாம் என்று சொல்ல வாய் வராமல் புழுக்கம் என்று சொன்னேன். இவர் வழக்கம்போல அந்தக் காரணத்தைப் பழுதுபார்த்துவிட்டார். கோடை முழுக்க அவர் எனக்காக ஸ்வெட்டரில் நடுங்கியிருக்கிறார், நான் அவருக்காகக் குளிரைச் சொல்லாமல் பனியனை வெட்டி அடைத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கி அழுகை வந்தது. அவர் எழுந்து என் தலையில் கையை வைத்தார், பிறகு வைத்த கை எங்கே போவது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டார்.

ஐஸ் உருகி முடிந்ததும் பலகையை மாட்டினார். இருபத்தாறில் வைத்து ஏசியைப் போட்டார். எல்லா வாய்களிலிருந்தும் இதமான காற்று வந்தது. அவர் ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன கணக்குப்படி ஏசி சரியாகிவிட்டது. வீடு போய்விட்டது.

போன் அடித்தது. தரகர்தான். இவர் போனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

என் வாய் தானாகக் காரணம் தேடத் தொடங்கியது. முட்டி வலி என்று சொல்லலாம், நல்ல டாக்டர் நம் ஊரில்தான் இருக்கிறார் என்று சொல்லலாம். டாக்டர் இருக்கும் ஊராகப் பார்த்து வண்டியை நிறுத்துவார். தூக்கம் வரவில்லை என்றால் மெத்தையை மாற்றுவார். எதைச் சொன்னாலும் சரிசெய்துவிடுவார்.

"வீட்டைக் கொடுக்க வேண்டாங்க" என்றேன். "எனக்கு வீட்டுக்குப் போகணும்."

"ஏன்? இன்னும் என்ன சரியில்ல?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. காரணம் ஒண்ணும் இல்ல. எனக்குப் போகணும், அவ்வளவுதான்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னதில் கழற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவரிடம் எனக்கு வேண்டும் என்று கேட்ட முதல் விஷயம் இதுதான் என்பது, எனக்குத் தெரிந்த அதே நேரத்தில் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

போனை எடுத்து, வீடு வாடகைக்கு இல்லை என்றார். அந்தப் பக்கம் தரகர் காரணம் கேட்டிருப்பார் போல.

"காரணமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். "அந்த வீட்ல ஆள் இருக்கு."