எந்த அம்ப்ரோசி?

திராட்சை அறுப்பு முடிந்த மறுநாள் காலையிலிருந்து அம்ப்ரோசி மண்ணுக்குள் இறங்க ஆரம்பித்தார். முதல் நாள் கணுக்கால் வரைதான். கொல்லையில் முள்ளங்கி பிடுங்கப் போனவர், பூட்ஸை மண்ணிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு திரும்பி வந்து, "மண்ணு ரொம்ப இளகிக் கெடக்கு" என்றார். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அவர் மனைவி தரேஜான் கையில் கரண்டியோடு நின்று அந்தக் கால்களையே பார்த்தாள். அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்களுக்கும்தான். முந்தின நாள் விருந்தில் நாங்கள் எல்லோரும் இருந்தோமே.

அந்த வருஷம் கடைசி வண்டியில் நினைத்ததைவிடப் பழம் கூடுதலாக வந்துவிட்டது. ஒயின் கிடங்கின் தரையில் கழுத்துவரை புதைத்திருந்த தாழிகள் எல்லாம் நிரம்பிப் போய், ஓரத்தில் புதைந்து கிடந்த பெரிய பழைய தாழி ஒன்றுதான் பாக்கி. அதைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். "நீங்க ஆரம்பிங்க, இதோ வந்துடறேன்" என்று அம்ப்ரோசி ஏணி வைத்து இறங்கிவிட்டார். மேலே விருந்தை நடத்தியது தரேஜானின் அண்ணன் ஷால்வா. ஒவ்வொரு கோப்பையும் யாருக்காக என்று சொல்கிறவரைத் தமாதா என்போம். இந்தப் பள்ளத்தாக்கில் ஷால்வாவை மிஞ்சிய தமாதா கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். இறந்தவர்களுக்கான கோப்பை வந்தது. ஷால்வா அந்த வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி, கடைசியில் "மண்ணுக்குக் கீழே இருக்கும் நம் அம்ப்ரோசிக்காக" என்று முடித்தார். அவர் மனதில் இருந்தது அம்ப்ரோசியின் தாத்தா. அவருக்கும் அதே பெயர்தான். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் ரொம்ப காலமாகப் படுத்திருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் மண்ணுக்குக் கீழே இன்னொரு அம்ப்ரோசியும் இருந்தார், தாழியைத் தேய்த்துக்கொண்டு. ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. வழக்கப்படி ரொட்டித் துண்டின்மேல் ஒயினைச் சொட்டவிட்டோம், கோப்பைகளை மோதாமல் குடித்தோம். எந்த அம்ப்ரோசி என்று மண்ணுக்கு எப்படித் தெரியும்? கையெட்டும் தூரத்தில் இருந்தவரை எடுத்துக்கொண்டது.

குளிர்காலம் காப்பாற்றியது. தரை இறுகிக் கிடந்ததால் அம்ப்ரோசி வழக்கம்போல நடந்தார், கொடிகளைக் கவாத்து செய்தார், வெட்டிய குச்சிகளைக் கட்டி ரொட்டி அடுப்புக்கு அடுக்கினார். பனி உருகியதும் ஆரம்பித்தது. பீன்ஸுக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தவர் முழங்கால்வரை போய் நின்றுவிட்டார். நாங்கள் கயிறு கட்டி இழுத்தோம். எருமை இழுத்தது. டிராக்டர் இழுத்தது, கயிறு அறுந்ததுதான் மிச்சம். பாதிரியார் வந்து தண்ணீர் தெளித்தார், அந்த இடத்தில் கொத்தமல்லி நன்றாக வந்தது.

அதற்குப் பிறகு அவர் கொல்லையிலேயே குடியிருந்தார். தரேஜான் அவருக்குமேல் பந்தல் போட்டு வெள்ளரிக்கொடியை ஏற்றிவிட்டாள். சுற்றிலும் தக்காளி நட்டாள். அவர் கையெட்டும் தூரத்துக்கு ஒரு களை முளைக்க முடியாது, பிடுங்கிவிடுவார். ஆனியில் இடுப்பு, ஆவணியில் மார்பு. அவள் தினமும் காலையில் அவர் சட்டைப் பொத்தான்களைத்தான் முதலில் பார்ப்பாள். எந்தப் பொத்தான் மண்ணுக்குள் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் முகம் கழுவுவாள்.

மண்ணுக்குள் இருந்தபடியே அவருக்குக் கிடங்கில் ஒயின் நடமாடுவது கேட்டது. "மூணாவது தாழி மூச்சு முட்டுது, தொறந்து கலக்கு" என்பார். போய்த் திறந்தால் அவர் சொன்னபடியே இருக்கும். அந்த வருஷத்து ஒயின் மாதிரி ஒயினை நான் குடித்ததில்லை. அதனால் ஊரில் சிலர், அந்த மனுஷன் அங்கேயே இருந்தால் என்ன கெட்டுவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். இதைவிடப் பெரிய கொடுமை, அவரே அப்படிப் பேச ஆரம்பித்ததுதான்.

"கீழ நல்லா குளுகுளுன்னு இருக்கு, தரேஜான்" என்றார் ஒருநாள்.

"வாயக் கழுவுங்க! அங்க குளுகுளுன்னு இருந்தா நான் இங்க யார்கூட சண்ட போடுறது?" என்று கத்திவிட்டு, தக்காளிச் செடிக்குப் பின்னால் போய் அழுதாள்.

அண்ணன் வீட்டுக்கு அவள் நடந்த நடைக்கு அளவில்லை. சொன்னவர்தான் மாற்றிச் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் மண் கேட்காது. ஷால்வா மசியவில்லை. "நான் சொன்னது அவன் தாத்தாவுக்கு. என் வார்த்தையில தப்பே கெடையாது. அந்த நேரம் பார்த்து உன் புருஷன எவன் தாழிக்குள்ள எறங்கச் சொன்னான்?" என்றார். தமாதா தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஆகிவிட்டால் அப்புறம் எந்த மேசையில் அவரை உட்கார வைப்பார்கள்? அது அவர் கவலை.

மறுபடி அறுப்பு வந்தபோது மண் அம்ப்ரோசியின் மோவாயைத் தொட்டிருந்தது. அறுப்புக்கு வந்த ஆட்கள் மதிய வெயிலுக்கு மர நிழலில் ஒதுங்கி, வாய்க்கால் தண்ணீரை மறிக்கும் அதிகாரியை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். "நூறு வருஷம் நல்லா இருக்கட்டும் மகராசன்!" என்று ஒருவன் புட்டியைத் தூக்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புட்டியில் இருந்தது பீர். பீரைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் வேண்டியவர்களை வாழ்த்தமாட்டோம். பீரில் சொன்னது தலைகீழாகத்தான் பலிக்கும். பழக்கூடையோடு அந்தப் பக்கம் வந்த தரேஜான் அப்படியே நின்றாள். கூடையைக் கீழே போட்டுவிட்டு, பஸ் நிறுத்தத்துக் கடைக்கு ஓடினாள்.

"அண்ணா, நீ ஒண்ணும் மாத்திச் சொல்ல வேணாம். போன வருஷம் சொன்னதையே சொல்லு. கையில மட்டும் இதப் புடிச்சுக்கோ" என்று ஷால்வாவின் முன்னால் பீர் புட்டியை வைத்தாள். அவர் அதையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். வழி கௌரவமாகத்தான் தெரிந்தது. எழுந்து வந்தார்.

கொல்லையில் மேசை போட்டோம். மண் அதற்குள் அம்ப்ரோசியின் கீழுதட்டைத் தொட்டிருந்தது. புட்டியைப் பார்த்ததும் கண்ணை உருட்டி, தலையை அண்ணாந்து, "என் வீட்டுக்குள்ள பீரா? நாலு தலைமுறையா வராத சனியன்! மண்ணள்ளிப் போட்டு என்னை மூடிடுங்க!" என்றார்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாய மூடும்" என்றார் ஷால்வா. "மண்ணு போயிடும்."

எல்லோரும் எழுந்து நின்றோம். ரொட்டியின்மேல் பீரைச் சொட்டவிட்டோம், கை கூசியது. ஷால்வா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மண்ணுக்குக் கீழே இருக்கும் நம் அம்ப்ரோசிக்காக" என்று சொல்லிக் குடித்தார். நாங்களும் குடித்தோம். அம்ப்ரோசி அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ சரிந்தது. ஒரு கல் புரண்டது. யாரோ கிழவர் இருமினார்.

தரேஜானின் முகம் செத்துப்போனது. மண் இப்போது மேலுதட்டில். பேச வாயில்லாமல் அம்ப்ரோசி அவளையே பார்த்தார். அவள் அண்ணனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"எந்த அம்ப்ரோசி? எந்த அம்ப்ரோசின்னு சொல்லுடா பாவி!"

பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் 'டா' போட்டதில்லை. ஷால்வா எங்களைப் பார்த்தார். நாங்கள் ரொட்டியைப் பார்த்தோம். அம்ப்ரோசியின் மூக்குத் துளையில் மண் சரிய, அவர் ஒருமுறை தும்மினார்.

"என் தங்கச்சி புருஷன் அம்ப்ரோசிக்கு" என்றார் ஷால்வா. "இந்தத் தோட்டத்து அம்ப்ரோசிக்கு. போன வருஷம் யாருன்னு தெளிவாச் சொல்லாம விட்டது நான்தான். தப்பு என்னோடது." சொல்லிவிட்டு மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தார்.

முள்ளங்கி பிடுங்கின மாதிரி அம்ப்ரோசி மேலே வந்தார், முழுசாக, பூட்ஸோடு. முதல் நாள் விட்ட அதே பூட்ஸ். தக்காளிச் செடிகள் எல்லாப் பக்கமும் சாய்ந்தன. தரேஜான் அவரை அடித்தாள், கட்டிக்கொண்டாள், மறுபடி அடித்தாள்.

அதற்குள் வேலிப் படலைத் திறந்துகொண்டு தாத்தா அம்ப்ரோசி உள்ளே வந்துவிட்டார். புதைத்தபோது போட்டிருந்த கறுப்புக் கோட்டில் மண்ணைத் தட்டிவிட்டு, மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, புட்டியை முகர்ந்து பார்த்தார். "இந்தக் கழுநீர யாருடா இங்க வச்சது?" என்றார். தரேஜான் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஒருத்தரக் கேட்டேன், ரெண்டு பேராக் குடுத்துட்ட" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தட்டு எடுக்க உள்ளே போனாள்.

ஷால்வாதான் இப்போதும் எங்கள் தமாதா. இறந்தவர்களுக்கான கோப்பை வரும்போது தகப்பன் பெயர், வீடு, தோட்டம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று நாங்கள் முனகினாலும் விடுவதில்லை. வருஷா வருஷம் அறுப்பு நேரத்தில் தாழி கழுவ இறங்குவது தாத்தாதான். மண் அவருக்குப் பழகின இடம். அவர் ஏணியில் ஏறி வந்து, கைகழுவி, மேசையில் உட்காரும்வரை தரேஜான் யாரையும் கோப்பையைத் தொட விடுவதில்லை.