மிட்டாதாரர் போட்ட கையெழுத்து

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் தங்கமுத்து எம்.ஏ. பரீட்சைக்கு மனுப் போட்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் வருஷம். வெண்ணந்தூர்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், கிரகம் எந்தப் பாதையில் ஓடும் என்றெல்லாம் கணக்குப் போடுகிற படிப்பு அது. காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகவேண்டும். நான் தோமினிக், அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே குமாஸ்தா.

பல்கலைக்கழகம் கேட்ட தகுதிகளைப் படித்தபோதே எனக்கு எரிச்சல். பி.ஏ.யில் இரண்டாம் வகுப்பு வேண்டும், இருந்தது. மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்திருக்க வேண்டும், பார்த்திருந்தார். நன்னடத்தைக்குப் பள்ளிக் கமிட்டித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் வந்தது வினை. தலைவர் எங்கள் ஊர் மிட்டாதாரர், சுற்றுப்பட்டுக் குடிகளிடம் வரி வசூலிக்கிற குட்டி ஜமீன்தார். மூன்றாம் வாய்ப்பாடு கேட்டால்கூடக் காரியஸ்தனைத் திரும்பிப் பார்க்கிற ஆள்.

பாடத்தில் கிரகம், நட்சத்திரமெல்லாம் உண்டு என்று கேட்டதும் மிட்டாதாரர் குளிர்ந்துபோனார். மகள் ஜாதகத்தை எடுத்து நீட்டி, ஜலகண்டாபுரத்து வரனோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொன்னால் கையெழுத்து என்றார். தங்கமுத்து எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்த மனுஷனோ, கிரகம் எங்கே நிற்கிறது என்று சொல்லத்தான் தனக்குத் தெரியும், யார் யாரைக் கட்டிக்கொள்வது என்பது அந்தக் கிரகத்துக்கே தெரியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாக, அடுத்த வாரத்துச் சந்திர கிரகணம் பிடிக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தார். சொன்ன நிமிஷத்தில் பிடித்தது.

"இது பஞ்சாங்கத்துலயே போட்டிருக்குதே. இதுக்கு எதுக்கு வாத்தியாரே எம்.ஏ.?" என்றார் மிட்டாதாரர்.

அதன்பின் நான் மூன்று தடவை போய் நின்றேன், மூன்று தடவையும் விரட்டினார். அடுத்த வருஷத்திலிருந்து கல்லூரியில் இருந்து படிப்பவர்களுக்கு மட்டும்தான் பரீட்சை என்று விதி மாறுகிறது. இப்போது விட்டால் தங்கமுத்துவுக்கு ஆயுசுக்கும் எம்.ஏ. இல்லை. சோறு இறங்காமல் சுற்றினார். கடைசி நாளும் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்த ஊரில் எம்.ஏ.க்கு முதல் தகுதி பொய் சொல்லத் தெரிவது. உமக்கு அது இல்லை, மாடு மேய்க்கப் போம்!" என்று திட்டிவிட்டேன். அவர் எழுந்து மிட்டாதாரர் வீட்டைப் பார்த்து நடந்தார். மனுவை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

மிட்டாதாரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தங்கமுத்து தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்க ராசிக்குச் சனி வந்திருக்குதுங்க. ஒருத்தன் படிப்புக்குக் குறுக்க நின்னா, அது புள்ளைங்க தலையில விடியுமுங்க."

மெல்லுகிற வாய் அப்படியே நின்றது.

"எத்தன நாளைக்குங்க, சாமி?"

"ரண்டரை வருசமுங்க." சனி ஒரு ராசியில் இருக்கிற காலம் அவ்வளவுதான். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜமான கணக்கு.

மிட்டாதாரர் மனுவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். ஒன்று போதுமா, இன்னொன்று போடட்டுமா என்றும் கேட்டார்.

திரும்பும் வழியில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தங்கமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். தனக்கே வெட்கமாக இருக்கிறது என்றார். நான் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

தபாலாபீசில் உறையை ஒட்டுவதற்கு முன்னால் மனுவை ஒரு தடவை சரிபார்த்தேன். மிட்டாதாரர் கையெழுத்துக்கு மேலே அச்சடித்திருந்தது: 'மனுதாரர் பொய் சொல்லாதவர் என்பதை நான் நேரில் அறிவேன்.'

ஒட்டி அனுப்பிவிட்டேன்.