அந்த வருஷத்து அரிசி

மாவுக் கடைக்கு வந்த ஒருத்தரையும் கோமளம் விட்டுவைக்கவில்லை. "எம் பொண்ணு போட்ட படத்த அடையாறுல பெரிய ஹால்ல மாட்டுறாங்க. சுதந்திரம் வந்த நாள்லேருந்து நாட்டுல எந்த வருஷம் எவ்ளோ நெல்லு வெளஞ்சுதுன்னு, சுவத்து நீளத்துக்கு!" அரிசியைக் களைந்துகொண்டே சொன்னாள், கிரைண்டரில் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"தெரியும்க்கா, நூறு வாட்டி சொல்லிட்ட. இன்னா, மாம்பலத்தையே கூட்டிக்கினு போவப் போறியா?" என்று கடைக்காரி ஜமீலுன்னிசா சிரித்தாள்.

ரயில் பாதையைத் தாண்டி தி. நகர் ஆபீசுக்குப் போகும் வழியில் கடை வாசலில் நின்று இதைக் கேட்ட மகள் வர்ஷினி, அம்மா பார்ப்பதற்குள் விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

அம்மாவின் சந்தோஷத்துக்குக் காரணம் படம் மட்டுமல்ல. மன்னார்குடிப் பக்கம் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. 2016இல் ஆற்றுத் தண்ணீரும் வரவில்லை, ஐப்பசி மழையும் ஏமாற்றிவிட்டது. கருகிக் கிடந்த பயிரைப் பார்த்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. வாய்க்கரிசிக்குச் சொந்த வயல் நெல்லைக் குத்தி எடுப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு வீட்டில் ஒரு பிடி நெல் கிடையாது. மளிகைக் கடையில் வாங்கிவந்த அரிசியைத்தான் அந்த மனுஷன் வாயில் போட்டார்கள்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "எல்லாருக்குந்தான் காஞ்சுது. இவன் மட்டும் இப்படி மனச விட்டுட்டானே" என்று எழவு வீட்டிலேயே பேசினார்கள். கோமளம் அப்போது ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டாள். "நாட்டுக்கே நெல்லு இல்லாம போன வருஷம். எந்த மனுசன் தாங்குவான்?" ஊரை விட்டு வந்து, மாவுக் கடையில் சேர்ந்து, மகளைப் படிக்கவைத்த இத்தனை வருஷமும் அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள். இப்போது அது படமாகி, நாலு பேர் பார்க்கச் சுவரில் ஏறப்போகிறது என்று அவளுக்கு நினைப்பு.

வர்ஷினிக்கும் அதே நினைப்புதான். அவள் கம்பெனியில் புள்ளிவிவரங்களைப் படமாக்கித் தருவார்கள். நெல் கணக்கு வந்த அன்று, முதல் காரியமாக அப்பாவின் வருஷத்தைத் தேடினாள். கோடு அங்கே பாதாளத்துக்கு விழுந்திருக்கும் என்று நம்பித்தான் தேடினாள்.

கோடு விழவில்லை, ஏறியிருந்தது. லேசாகக்கூட இல்லை, அதுவரை எந்த வருஷமும் தொடாத உயரத்துக்குப் போயிருந்தது. எங்கெங்கோ மழை பெய்து, எங்கெங்கோ அமோகமாக விளைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் விளைச்சலில் பாதிக்கு மேல் அழிந்துபோயிருந்தது. கணக்குக்கு ஈவிரக்கம் ஏது? எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நல்ல வருஷம், அவ்வளவுதான்.

கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவிவிட்டு வந்து, கூட வேலை பார்க்கும் ஷ்ரவணிடம், "தமிழ்நாட்டுக்குன்னு தனியா ஒரு கோடு போடலாமா?" என்று கேட்டாள்.

அவன் மறுக்காமல் போட்டுக் காட்டினான். நாட்டின் கோடு மேலே ஓட, தமிழ்நாட்டின் கோடு அடியில் எறும்பு ஊர்ந்த தடம்போலக் கிடந்தது. "நீயே பாரு வர்ஷினி. இவ்ளோ பெரிய அளவுல அந்த எறக்கம் கண்ணுக்கே தெரியல. படம் கேட்டவங்களும் ஒரே கோடுதான் கேட்டாங்க" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

கடைசியில் அவளால் முடிந்த ஒரு காரியம் செய்தாள். கீழே வருஷத்துக்கு வருஷம் எண் போடாமல், பத்து வருஷத்துக்கு ஒன்று என்று போட்டாள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோமளம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். "இன்னாம்மா, கல்யாணமா?" என்றார் ஆட்டோக்காரர். "எம் பொண்ணு படம் மாட்டியிருக்குப்பா" என்று ஆரம்பித்தவள் அடையாறு பாலம் தாண்டியும் நிறுத்தவில்லை. வர்ஷினி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஹாலில் நல்ல கூட்டம். கோடு இடது ஓரத்தில் தரையோரம் தொடங்கி, விழுந்து எழுந்து, வலது ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் போயிருந்தது. "ஆத்தாடி!" என்று கன்னத்தில் கை வைத்தாள் கோமளம். "இத்தனையும் நீயா போட்ட? சரி, நம்ம வருஷம் எங்கடி?"

வர்ஷினி மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு பள்ளத்தைக் காட்டினாள். "இதும்மா."

கோமளம் கிட்டே போனாள். அந்தப் பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அரிசி களைந்து களைந்து ஊறி வெளுத்த கை. "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அத்தோடு விட்டிருக்கலாம். கையை எடுக்கும்போது கீழே இருந்த எண் கண்ணில் பட்டுவிட்டது.

"ஏண்டி, ரெண்டாயிரத்துப் பத்து இங்கதானே போட்டுருக்கு? இது அதுக்கும் முன்னாடில்ல இருக்கு. அப்ப நீ நாலாவது படிச்ச. அப்பா இருந்தாரே."

கோமளத்தின் விரல் பத்திலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் மெதுவாக நகர்ந்தது. இரண்டாயிரத்து இருபதுக்குப் பாதி வழி தாண்டி நின்ற இடத்தில், விரல் அவள் தலைக்கு மேலே இருந்தது.

"இதுவா?"

"ஆமாம்மா."

"அப்ப நாட்டுல அரிசி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நம்ம பக்கத்துலதான் இல்ல. நம்ம ஜில்லா முழுக்க, தமிழ்நாடு முழுக்கவே..."

கோமளம் அதைக் காதில் வாங்கவில்லை. "அன்னைக்குக் கடையில வாங்குனமே, பளபளன்னு நல்ல அரிசி. எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றாள். விரலை எடுக்காமலே, "அப்ப அவருக்கு மட்டுந்தானாடி இல்லாம போச்சு?" என்றாள்.

பக்கத்தில் யாரோ அந்த உச்சியின் அடியில் நின்று செல்ஃபி எடுக்க இடம் கேட்டார்கள். வர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்து விலக்கிக் கூட்டிவந்தாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும்போது வர்ஷினி கடைப் பக்கம் பார்த்தாள். கோமளம் குனிந்து, அண்டாவில் அரிசியை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, வாயே தொறக்கல? பொண்ணு படத்தப் பாத்தியா இல்லியா?" என்று கேட்டாள் ஜமீலுன்னிசா.

"பாத்தேன்" என்றாள் கோமளம், நிமிராமலே. "நல்லா போட்டுருக்கா. வருஷா வருஷம் மேல ஏறிக்கிட்டேதான் போவுது."