இடது கை

கொழும்புக்குப் பக்கத்தில், இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகியவர்களில் கடலில் உழைத்த காசோடு வந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் ஊர் பேசாலையில் அப்பாவோடு மீன்பிடித் தொழிலுக்குப் போய், கையில் காசு சேர்ந்ததும் பஸ் ஏறுவேன். இரண்டு நாள் பறப்பேன். பிறகு மறுபடியும் கடல். மற்றவர்கள் ஒரே மூச்சில் பழகி முடிக்க, நான் மட்டும் தவணை முறையில் பழகினேன்.

வினை அதிலேதான் இருந்தது. படகில் இஞ்சின் பிடியை இடது கையால் பிடிப்போம். படகு இடப்பக்கம் போகவேண்டுமென்றால் பிடியை வலப்பக்கம் தள்ளவேண்டும். விமானத்தின் ஸ்டியரிங்கும் அதே இடது கையில்தான். ஆனால் அதை இடப்பக்கம் திருப்பினால் விமானமும் இடப்பக்கமே சாயும். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். என் கைக்குத்தான் விளங்கவில்லை.

மேலே பறக்கும்போது யோசிக்க நேரமிருக்கும், பிழைக்காது. தரையைத் தொடப்போகும் நேரம் காற்று ஒரு தள்ளுத் தள்ளினால், நான் யோசிக்குமுன் கை படகு ஓட்டத் தொடங்கிவிடும். தனியே பறக்க விடுவதற்கு முன் வைத்த கடைசிச் சோதனையிலும் அப்படித்தான். பக்கத்திலிருந்து பழக்கிய ஹலீம் சேர் ஸ்டியரிங்கைப் பறித்திராவிட்டால் புல்லுக்குள் போயிருப்போம்.

"மேல விமானம் ஓட்டுறீங்க மில்ரன், இறங்கக்குள்ள படகு ஓட்டுறீங்க," என்றார். "மூணு மாசம் கடலுக்குப் போகாம இருந்துட்டு வாங்க. தனிய விடுறன்."

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் கூலிக்கு ஆள் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனார். நான் காலையும் மாலையும் கதிரையில் இருந்து சட்டி மூடியை ஸ்டியரிங்போலப் பிடித்துத் திருப்பினேன். "கொழும்பு வந்திட்டுதோ அண்ணா?" என்று தங்கச்சி சுவேதினி கேட்டுவிட்டுப் போவாள். அதைத் தாங்கிக்கொண்டேன். கூலி கொடுத்தது போக அப்பா வெறுங்கையோடு வருவதைத்தான் தாங்க முடியவில்லை. பறப்புக்கென்று ஒதுக்கிய காசும் வீட்டுச் செலவுக்குப் போயிற்று. மூன்று மாதம் முடிவதற்குள், இனி வரமாட்டேன் என்று சேருக்குச் சொல்லிவிட்டேன்.

"நாளைக்கு நான் வாறன் அப்பா."

"அப்ப உன்ர பழக்கம்?"

"அது எனக்குச் சரிவராது."

அடுத்த நாள் அப்பா முன்னுக்கு நின்று வலை இழுக்க, நான் இஞ்சினில் இருந்தேன். திடீரென்று ஓர் அலை படகை வலைப்பக்கம் தள்ளியது. இடப்பக்கம் விலகவேண்டும். யோசிக்கவில்லை. கை பிடியை இடப்பக்கம் இழுத்தது. படகு வலப்பக்கம் திரும்பி வலைக்கு மேலேயே ஏற, இஞ்சின் நின்றுபோனது.

இஞ்சின் விசிறியில் சுற்றிய வலையை அப்பா கத்தியால் அறுத்து எடுத்தார். எல்லாம் எடுத்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"நீ உப்பிடிப் பிழை விடுறேல்லையே. எந்தப் பக்கம் திருப்பினனீ?"

"இடப்பக்கம்."

என் இடது கையைப் பார்த்தார்.

"அப்ப கை பழகியிட்டுதடா," என்றார்.

வலை போனதற்கு நான் அழவில்லை. அந்தச் சொல்லுக்குத்தான் அழுதேன்.