தண்ணீருக்கும் பாசிட்டிவ்

ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்கிறது என்று கேட்டுத் துள்ளிக் குதித்த மனைவி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லேப் பெண் "பாசிட்டிவ்" என்றதும், அத்தனை பேர் முன்னால் என் வீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். விடாத காய்ச்சலில் மனிதர் துரும்பாக இளைத்திருந்தார்; வீங்கிய மண்ணீரல் மட்டும் கல்லாக நின்றது. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவித் தடவிப் பார்த்தும் ஒட்டுண்ணி எதுவும் சிக்கவில்லை. திங்கட்கிழமை புற்றுநோய்ப் பிரிவில் சேரச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் கடைசியாக ஒரு சோதனை. ஒட்டுண்ணியின் டிஎன்ஏ துளி இருந்தாலும் மிஷின் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடுமாம்.

நாங்கள் பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் அந்தப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, அந்த ரிசல்ட்ட நம்பாதீங்க. எப்பவும் ஒரு டியூப்ல வெறும் தண்ணி வைப்போம். அதுல ஒண்ணும் வரக்கூடாது. இன்னைக்கு அதுலயும் பாசிட்டிவ். நேத்து பெருக்குன டியூப்பத் தெறந்த மேசையிலேயே இதையும் கலந்துட்டேன், அதுலேருந்து டிஎன்ஏ ஒட்டிக்கிச்சு போல. சந்தோஷத்துல தண்ணியப் பாக்காமலே உங்ககிட்ட சொல்லிட்டேன். என் தப்புதான்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"தண்ணிக்குக் காய்ச்சல் வந்தா எங்களுக்கென்னம்மா? இவருக்கு இருக்குன்னே விட்டுடேன்!"

"நெஜமாவே புற்றுநோயா இருந்தா, வேற மருந்து சாப்பிட்டே நாள் போயிடும்க்கா."

என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு ஓடி வரலன்னா நமக்கு எப்படித் தெரியும்? வா."

மறுபடி ரத்தம் எடுத்தாள். வேறு அறை, வேறு மேசை, எல்லாம் முதலிலிருந்து. பெஞ்சில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

சாயங்காலம் உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"மொதல்ல தண்ணியப் பாருங்க."

ஒரு கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது.

"இது அண்ணனோடது."

இன்னொரு கோடும் கொஞ்ச தூரம் அப்படியே போயிற்று. பிறகு தலையைத் தூக்கி, விறுவிறுவென்று மேலே ஏறியது.

"ஒட்டுண்ணிதான்க்கா. இதுக்கு மருந்து இருக்கு."

"ஒட்டிக்கிட்டது உன்ன மாதிரியே பிடிவாதம்," என்றார் என்னிடம். அவர் கேலி பேசிக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

என் வயிற்றில் பால் வார்த்தவளின் கையைப் பிடிக்கப் போனேன். "இருங்கக்கா" என்று கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, சோப்புத் தேய்த்துக் கழுவி வந்து நீட்டினாள். வியர்வையில் ஊறி வெளுத்து, நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்த அந்த விரல்களை என் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன்.