கம்பைலர் விழாமல் இருக்க

கம்பைலர் மறுபடியும் விழுந்தது. அது விழும்போதெல்லாம் பூங்கோதையின் வீட்டில் ஓர் அறை குறைவது வழக்கம். இப்போது சமையலறை மட்டும்தான் பாக்கி. அதில் கணவன் சற்குணமும் மகள் மித்ராவும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஒரு மர நாற்காலியில் கம்பைலர் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் எழுதும் புரோகிராம்களைப் படித்து, எந்த ஃபைலில் எந்த வரியில் பிழை என்று சொல்லும். எந்த ஃபைலிலும் இல்லாத பிழை வந்தால்தான் வம்பு. இடத்தைச் சொல்ல வாயைத் திறக்கும். சொல்ல இடம் இருக்காது. அப்படியே சாய்ந்துவிடும். மின்விசிறிகள் நின்றுவிடும். ஆட்கள் எழுந்து வந்து சுற்றி நிற்பார்கள்.

“சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடும்மா,” என்றார் மேனேஜர் டேனியல், கம்பைலரைக் கவனித்துக்கொள்ளும் பூங்கோதையிடம்.

“பிழை எங்கேர்ந்து வருதுன்னே தெரியல சார்.”

“அதை யாரு கேட்டா? விழாம பாத்துக்க.”

பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையை நினைத்து அடக்கிக்கொண்டாள். கீழே கிடந்த கம்பைலரின் காதருகே குனிந்தாள்.

“இடம் இல்லேன்னா இடத்தை விட்டுடு. பிழையை மட்டும் சொல்லிட்டு அடுத்ததுக்குப் போ.”

“எங்கேன்னு யாரும் கேக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

கம்பைலர் எழுந்து உட்கார்ந்தது. மின்விசிறிகள் சுற்றின. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

சற்குணம் போன் செய்தான். “அறையெல்லாம் திரும்பி வந்துடுச்சு. புதுசு புதுசா வேற வந்துக்கிட்டே இருக்கு.”

அவளுக்கு உயிர் வந்தது. “மித்ரா?”

“இப்பதான் பக்கத்து ரூமுக்கு ஓடினா. இரு, பாக்கறேன்.”

போனில் ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“பிழை,” என்றது கம்பைலர். “மித்ராவைக் காணவில்லை.”

சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனது. விழவில்லை. டேனியல் தன் அறையிலிருந்தே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“எங்கே?” என்றாள் பூங்கோதை.

“கேக்க மாட்டாங்கன்னு சொன்னீங்க.”

அவள் நாற்காலியைப் பிடித்து உலுக்கினாள். விழுந்தால் நாலு பேராவது எழுந்து வந்து நிற்பார்கள்.

“விழேன்,” என்று கெஞ்சினாள். “ஒரே ஒரு தடவை.”

கம்பைலர் நிமிர்ந்து பார்த்தது.

“கையை எடுங்க,” என்றது. “அடுத்த வரியை மறைக்குது.”